இருபடி வரைபடம் போடுவது எப்படி: முதலில் முனை, அப்புறம் அட்டவணை

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். கோத்தகிரியில் சாயங்காலம் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், அதுதான் சுலபமான கேள்வி என்பார்கள். எப்படிப் போடுவாய் என்று கேட்டுப் பாருங்கள்: "எக்ஸுக்கு மைனஸ் 4-லிருந்து 4 வரைக்கும் எழுதணும் சார், ஒய் கண்டுபிடிக்கணும், புள்ளி வைக்கணும், சேர்க்கணும்." ஏன் −4, ஏன் 4 என்றால் பதில் வராது. புத்தகத்திலும் கைடிலும் அப்படி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் எங்கே கவிழ்க்கும் என்று முதலிலேயே பார்த்துவிடுவோம். ஒய் = எக்ஸ்² − 10எக்ஸ் + 21 என்ற சார்பை எடுத்துக்கொண்டு −4 முதல் 4 வரை போட்டால் ஒய் மதிப்புகள் 77, 60, 45, 32, 21, 12, 5, 0, −3 என்று வரும். ஒன்பது கணக்கும் சரி, ஒரு தப்பும் இல்லை. ஆனால் தாளில் வைத்தால் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோடுதான் கிடைக்கும். வளைவு திரும்பும் இடமே அதில் இல்லை. போதாக்குறைக்கு 77-ஐத் தாளுக்குள் அடக்க வேண்டும் என்று அளவுத்திட்டத்தை நசுக்கியிருப்போம். இந்த வளைவு திரும்புவது எக்ஸ் = 5-இல். அட்டவணை 4-இல் நின்றுவிட்டது.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை வேறு. முனை, அதாவது வளைவு திரும்பும் இடம், எங்கே என்று முதலில் பிடி, அதை நடுவில் வை, இரண்டு பக்கமும் சமமாக நட. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

முனையைப் பிடிப்பது

இருபடிச் சார்பின், அதாவது எக்ஸ்²-ஐ விடப் பெரிய படி வராத சார்பின், வரைபடம் எப்போதும் பரவளையம். அதன் நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அதாவது சமச்சீர் அச்சு; அதற்கு இடப்பக்கம் இருப்பது அப்படியே வலப்பக்கமும் இருக்கும். வளைவு திரும்பும் முனை அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அச்சைக் கண்டுபிடிக்க ஒரே வரிக் கணக்கு போதும். எக்ஸின் கெழுவை, அதாவது அதற்கு முன்னால் பெருக்கி நிற்கும் எண்ணை, எடுங்கள், குறியை மாற்றுங்கள், எக்ஸ்²-இன் கெழுவின் இரு மடங்கால் வகுங்கள். மேலே சொன்ன சார்பில் எக்ஸின் கெழு −10. குறி மாற்றினால் 10. எக்ஸ்²-இன் கெழு 1, அதன் இரு மடங்கு 2. 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5. முடிந்தது.

இனி முழுக்க ஒரே உதாரணத்தோடு போவோம்: ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 8. கெழு −2, குறி மாற்றினால் 2, இரண்டால் வகுத்தால் 1. சமச்சீர் அச்சு எக்ஸ் = 1. அங்கே ஒய் = 1 − 2 − 8 = −9. முனை (1, −9). எக்ஸ்²-இன் கெழு மிகை எண் என்பதால் வளைவு மேல்நோக்கித் திறக்கும். ஆகவே −9-தான் மிகக் குறைந்த மதிப்பு, இதற்குக் கீழே ஒரு புள்ளியும் வராது. அட்டவணை போடும் முன்பே வளைவைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது பாருங்கள்.

அட்டவணை

1-ஐ நடுவில் வைத்து, இரு பக்கமும் நான்கு நான்கு:

எக்ஸ்: −3, −2, −1, 0, 1, 2, 3, 4, 5

ஒய்: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7

ஒய் வரிசையை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான், "விகடகவி" மாதிரி. இதுதான் நடுவில் முனையை வைப்பதன் பெரிய லாபம். ஏதாவது ஒரு இடத்தில் கணக்கு தப்பினால் வரிசை உடனே கோணலாகத் தெரிந்துவிடும். −3-க்கு 7, 5-க்கு வேறு ஏதோ என்று வந்தால் இரண்டில் ஒன்று பொய்.

தப்பு பெரும்பாலும் மைனஸில்தான் நடக்கிறது. எக்ஸ் = −3 என்றால் எக்ஸ்² என்பது (−3) × (−3), அதாவது 9. கால்குலேட்டர் ஆப்பில் அடைப்புக்குறி போடாமல் −3² என்று அடித்துவிட்டு −9 என்று எழுதி வருகிறவர்கள் உண்டு. அங்கே செயலி 3-ஐ வர்க்கப்படுத்திவிட்டு அப்புறம் மைனஸ் போடுகிறது, அதன்மேல் தப்பில்லை. அடுத்த உறுப்பு −2எக்ஸ்: −2 × −3 = +6. ஆகவே 9 + 6 − 8 = 7. சார்பு −எக்ஸ்² என்று தொடங்கினால் நிலைமை தலைகீழ்: எக்ஸ் = −2-க்கு முதலில் வர்க்கம் 4, அப்புறம் முன்னால் நிற்கும் மைனஸ், விடை −4. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி ஒதுக்கி, எக்ஸ்² ஒரு வரி, −2எக்ஸ் ஒரு வரி, −8 ஒரு வரி, கீழே கூட்டல் என்று எழுதினால் இந்தச் சிக்கல் பாதிக்கு மேல் தீரும். நேரம் வீண் என்று தோன்றும்; வீண் இல்லை.

இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, ஏனோ வகுப்பில் யாரும் அதிகம் சொல்வதில்லை. அடுத்தடுத்த ஒய் மதிப்புகளின் வித்தியாசத்தை எழுதுங்கள். 7-லிருந்து 0-க்கு −7. 0-லிருந்து −5-க்கு −5. அப்புறம் −3, −1, 1, 3, 5, 7. இந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் பார்த்தால் எல்லா இடத்திலும் 2. எக்ஸை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் எந்த இருபடிச் சார்பிலும் இந்த இரண்டாவது வித்தியாசம் மாறாது. அது எக்ஸ்²-இன் கெழுவைப்போல் இரு மடங்கு. நடுவில் எங்காவது 2-க்குப் பதில் 3-ஓ 0-வோ எட்டிப் பார்த்தால் தப்பு அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கும். சமச்சீர் சோதனைக்குக்கூட அகப்படாத தப்பு ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு செய்வது. அதையும் இது பிடித்துவிடும்.

அளவுத்திட்டமும் தாளும்

இப்போதுதான் கிராப் தாளைத் தொட வேண்டும். அட்டவணை முடிவதற்கு முன்பே அச்சு போட்டுவிட்டால் பின்னால் ஒய் 7 வரை போக இடமில்லாமல் தவிக்க நேரும்.

நம் உதாரணத்தில் எக்ஸ் −3 முதல் 5 வரை, ஒய் −9 முதல் 7 வரை. ஒய் பக்கம் மொத்தம் 16 அலகு. 1 செ.மீ. = 1 அலகு என்று வைத்தால் 16 செ.மீ.; சாதாரணத் தாளில் நிமிர்த்தி வைத்தால் அடங்கும். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு அச்சுக்குள் அளவு மாறக் கூடாது. ஒய் அச்சில் ஆதிப்புள்ளிக்கு மேலே 1 செ.மீ. = 1, கீழே இடம் போதவில்லை என்று 1 செ.மீ. = 2 என்று வைத்து வந்த தாளை நான் திருத்தியிருக்கிறேன். வளைவு இடுப்பொடிந்து கிடந்தது. தேர்ந்தெடுத்த அளவை வலது மேல் மூலையில் எழுதிவிடுங்கள், அது இல்லாமல் திருத்துபவருக்குப் படம் பாதிதான்.

ஆதிப்புள்ளி தாளின் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நமக்குக் கீழே 9, மேலே 7 வேண்டும். ஆகவே எக்ஸ் அச்சை நடுவிலிருந்து ஒரு செ.மீ. மேலே தள்ளிப் போடுவது வசதி.

பென்சிலைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பேச்சு. நவம்பர் மழையில் எங்கள் பக்கம் தாள் எல்லாம் நமத்துப்போகும். ஈரம் இழுத்த கிராப் தாளில் கூரான 2எச் பென்சில் கோடு போடாது, கீறும். அழித்தால் ரப்பரோடு பச்சைக் கட்டமும் சேர்ந்து வந்துவிடும், அந்த இடம் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும், அதற்குமேல் எந்தப் புள்ளியும் சரியாக உட்காராது. எச்பி பென்சில், லேசான கை. தாள்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு நோட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், சுருளாது.

புள்ளி வைப்பதும் வளைவு வரைவதும்

(−3, 7) என்றால் முதலில் எக்ஸ் அச்சில் இடப்பக்கம் 3, அப்புறம் மேலே 7. வரிசை மாறினால் படமே படுத்துவிடும். பேனா முனையளவு சின்னப் புள்ளி போதும். மிளகு அளவுக்கு உருட்டி வைத்தால் அதன் நடு எது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதையும் வைத்துவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றால், கணக்கைப் பார்க்கும் முன், வைத்த இடத்தைப் பாருங்கள்.

ஸ்கேலை இப்போது பைக்குள் போட்டுவிடுங்கள். புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்தால் அது பரவளையம் ஆகாது, பல்வரிசைதான். கையால்தான் வரைய வேண்டும், அதற்கு ஒரு உபாயம்: மேல்நோக்கித் திறக்கும் வளைவாக இருந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். வளைவின் உள்பக்கம் உங்கள் பக்கம் வந்துவிடும். முழங்கையை மேசையில் ஊன்றினால் கை இயல்பாகவே வில் மாதிரி சுழலும், அந்தச் சுழற்சி வளைவோடு ஒத்துப்போகும். முதலில் பென்சில் தாளில் படாமல் காற்றிலேயே புள்ளிகளின் மேல் ஒன்றிரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மூன்று மூன்று புள்ளிகளாக லேசாகத் தொட்டுச் சேருங்கள். எல்லாம் இழைந்த பிறகு ஒரே இழுப்பில் அழுத்தமாக வரையலாம். முனையில் கூர் வரக் கூடாது. அங்கே சந்தேகம் இருந்தால் எக்ஸ் = 0.5, 1.5 இரண்டுக்கும் ஒய் கண்டுபிடியுங்கள்; நம் சார்பில் இரண்டுக்கும் −8.75. அதை வைத்தவுடன் அடிப்பக்கம் எவ்வளவு உருண்டையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரு நுனியிலும் அம்புக்குறி. வளைவு 7-இல் நின்றுவிடவில்லை, மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

எத்தனை புள்ளி போதும்? தேர்வுக்கு ஏழு முதல் ஒன்பது. பொதுவாகக் கேட்டால், படத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பிரமாதமான சாட்சி இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் வேலைக்கு வந்தது. மலைச்சரிவு அங்கே ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. ஆகவே அந்தச் சரிவின் மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்ததும் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது; ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வான்பொருளைத் தொடரலாம். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பரவளையம். ஆனால் தகடு எதுவும் கிடையாது. 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் ஓடும் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அவ்வளவே. குறுக்குவெட்டில் ஒவ்வொரு கம்பியும் ஒரு புள்ளி! 1,100 புள்ளிகளை வைத்துவிட்டு சேர்க்காமலே விட்ட வரைபடம் அது. அது வாங்கும் ரேடியோ அலையின் நீளம் 90 செ.மீ.-க்குக் கொஞ்சம் மேல்; கம்பிகளுக்கு இடையே சில செ.மீ. இடைவெளிதான், அலைக்கு அந்தச் சந்து தெரியாது, முழு வளைவாகவே எதிரொளிக்கிறது. சார்பு சரியாக இருந்து, புள்ளிகளும் போதிய நெருக்கத்தில் இருந்தால் சேர்க்கும் கோடுகூட வேண்டாம்.

அடி தட்டையாக வரும் கேஸ்

ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் − 4. கெழு −3, குறி மாற்றி இரண்டால் வகுத்தால் 1.5. முனை முழு எண்ணில் இல்லை. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

எக்ஸ்: −2, −1, 0, 1, 2, 3, 4, 5

ஒய்: 6, 0, −4, −6, −6, −4, 0, 6

1-க்கும் −6, 2-க்கும் −6. "ரெண்டும் ஒரே மட்டம்தானே சார், நடுவுல நேரா கோடு போட்டா என்ன?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். போட்டால் அது அடியில் தட்டையான வாளி ஆகிவிடும். நடுவே 1.5-இல் ஒய் = 2.25 − 4.5 − 4 = −6.25. கால் அலகுதான் கீழே இறங்குகிறது, தாளில் இரண்டரை மில்லிமீட்டர். ஆனால் அந்த இரண்டரை மில்லிமீட்டரில்தான் முனை இருக்கிறது. சமச்சீர் அச்சு அரை எண்ணில் விழுந்தால் முனையை அட்டவணையில் ஒரு தனிக் கட்டமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் இரண்டாவது வித்தியாசம் பார்க்கும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அங்கே எக்ஸ் அரை அரையாக நகர்கிறது.

படத்திலிருந்து மூலம் எடுப்பது

வளைவு எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களே எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0-இன் தீர்வுகள், அதாவது மூலங்கள்: −2, 4. இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள். எக்ஸ்² − 4எக்ஸ் + 4 போல ஒரே இடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பினால் சமமான மெய் மூலங்கள். எக்ஸ்² + 2எக்ஸ் + 3 போல அச்சுக்கு மேலேயே நின்றுவிட்டால் மெய் மூலங்கள் இல்லை. வெட்டுமிடம் முழு எண்ணில் விழாவிட்டால் சின்னக் கட்டத்தை எண்ணி ஒரு தசமம் வரை சொல்லலாம், அதற்குமேல் சொன்னால் அது படத்தில் பார்த்தது இல்லை.

கேள்வியில் பெரும்பாலும் இத்தோடு விடமாட்டார்கள். ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 8 வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − 3எக்ஸ் − 4 = 0-ஐத் தீர்க்கச் சொல்வார்கள். இன்னொரு பரவளையம் வரையக் கூடாது. வரைந்த சார்பிலிருந்து தீர்க்க வேண்டிய சமன்பாட்டைக் கழியுங்கள்: எக்ஸ்² போய்விடும்; −2எக்ஸ் + 3எக்ஸ் = எக்ஸ்; −8 + 4 = −4. மிஞ்சுவது ஒய் = எக்ஸ் − 4, ஒரு நேர்கோடு. இதற்கு மட்டும் ஸ்கேலை வெளியே எடுக்கலாம். (0, −4), (4, 0), சரிபார்க்க (−2, −6), மூன்று புள்ளி போதும். கோடு வளைவை வெட்டுவது (−1, −5)-இலும் (4, 0)-இலும். தீர்வு அந்தப் புள்ளிகளின் எக்ஸ் மதிப்புகள் மட்டும்: −1, 4. ஒய்யையும் சேர்த்து விடையாக எழுதிவைக்காதீர்கள். மேலே தட்டை அடி கேஸில் போட்ட அட்டவணையைப் பாருங்கள், அதே சார்பு, ஒய் பூஜ்யம் ஆவது அதே −1, 4-இல்தான். கழிக்கும்போது குறி தப்புவதுதான் இங்கே ஒரே ஆபத்து. இரண்டாவது வரியைக் கீழே எழுதி, ஒவ்வொரு குறியையும் மாற்றி அடியில் குறித்துவிட்டுக் கூட்டுங்கள்.

கவிழ்ந்த வளைவு, ஒரு தோட்டக் கணக்கு

கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுபவர் ஒருவரிடம் 20 மீட்டர் கம்பி வலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கம் கல் கட்டுச் சுவர், அங்கே வலை வேண்டாம். மற்ற மூன்று பக்கத்தை மட்டும் காட்டுப்பன்றி வராமல் அடைக்க வேண்டும். சுவரிலிருந்து வெளியே வரும் இரண்டு பக்கமும் எக்ஸ் மீட்டர் என்றால், சுவருக்கு எதிர்ப்பக்கம் 20 − 2எக்ஸ். பரப்பு ஒய் = எக்ஸ்(20 − 2எக்ஸ்) = −2எக்ஸ்² + 20எக்ஸ்.

கெழு 20, குறி மாற்றினால் −20, −2-இன் இரு மடங்கு −4, வகுத்தால் 5. எக்ஸ்²-இன் கெழு மைனஸ் என்பதால் வளைவு கீழ்நோக்கித் திறக்கும், முனை உச்சியில் இருக்கும்.

எக்ஸ்: 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10

ஒய்: 0, 18, 32, 42, 48, 50, 48, 42, 32, 18, 0

வித்தியாசங்கள் 18, 14, 10, 6, 2, −2 என்று போகின்றன, இரண்டாவது வித்தியாசம் −4. சரி. ஒய் 50 வரை போவதால் அந்த அச்சில் 1 செ.மீ. = 5 சதுர மீட்டர், எக்ஸில் 1 செ.மீ. = 1 மீட்டர். இந்த முறை தாளைத் திருப்ப வேண்டாம், வளைவின் உள்பக்கம் ஏற்கெனவே உங்கள் பக்கம்தான். மிகப் பெரிய பரப்பு 50 சதுர மீட்டர், இரண்டு பக்கம் 5, எதிர்ப்பக்கம் 10. இந்த முனையைச் சமன்பாடும் சொல்லும். படம் கூடுதலாகச் சொல்வது, உச்சியைச் சுற்றி வளைவு எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதை. கல்லோ வேரோ குறுக்கிட்டு 5-க்குப் பதில் 4 வைக்க வேண்டி வந்தாலும் நஷ்டம் 2 சதுர மீட்டர்தான். அதே ஒரு மீட்டர், 2-இலிருந்து 1-க்கு வந்தால் 14 சதுர மீட்டர் போய்விடும்.

இந்தப் படத்தில் நுனிகளுக்கு அம்புக்குறி போடக் கூடாது. எக்ஸ் 0-க்குக் கீழே போனால் பக்கம் மைனஸ் மீட்டர், 10-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கம் மைனஸ் மீட்டர். அப்படி ஒரு வேலி கிடையாது. வளைவை (0, 0)-இல் தொடங்கி (10, 0)-இல் நிறுத்துங்கள்.